வீட்டிற்குள் வெண்மை

தை பிறப்பதற்குப் பத்து நாட்கள் முன்னதாக எந்த நெசவாளர் தெருவிற்குள் நுழைந்தாலும், சுண்ணாம்பு நீறுகின்ற வாடை நம்மை எதிர்கொண்டு அழைத்த காலம் ஒன்று இருந்தது. வாசலில் தாழிக்குள் சுண்ணாம்பு கொதிக்கும். நைத்த தேங்காய் மட்டையைக் கையிலே பிடித்துக்கொண்டு வீட்டு இளைஞர்கள் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். பெண்டிர் திண்ணையின் அடியில் காவிப்பட்டை தீட்டுவார்கள். இன்று அந்த வாடை அருகிவிட்டது. கடையிலிருந்து வரும் வண்ணப்பூச்சு வாளிகள் தாழியின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அதற்காக நான் வருந்துகிறேன் என்று அங்கத்தினர்கள் எண்ண வேண்டாம். பிறர் வீட்டுச் சுவர் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று கூறுவதற்குக் கூட்டுறவு ஆய்வாளனுக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் அளிக்கவில்லை. ஆயினும், நம் நெசவாளர்க்கு வீடு என்பது உண்டு உறங்கும் இடம் மட்டும் அன்று. அதுவே தொழிற்கூடமும் ஆகும். அங்கே சுவரின் நிறம் கூலிக் கணக்கில் வந்து நிற்கின்றது. இதை நான் நூல்களைக் கற்று அறியவில்லை. ஒரு முறையீட்டை விசாரிக்கப் போன இடத்தில், பாதி என் பிழையின் வாயிலாகவே அறிந்தேன்.

கூலியில் பிடித்தம்

என் சரகத்திலுள்ள ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் மீது ஓர் அம்மையார் மனு அனுப்பியிருந்தார். சங்கத்தின் பெயரும் ஊரின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. வயது அறுபதைக் கடந்தவர், கணவரை இழந்தவர், பள்ளத்தறியில் வெள்ளை வேட்டி நெய்பவர். முப்பது ஆண்டுகளாக ஒரு குறையும் சொல்லப்படாத தம் துணியில் ஏழு மாதங்களாகக் குறை கண்டு கூலியில் பிடித்தம் செய்கிறார்கள் என்பதும், சங்கத்தார்க்குத் தம்மேல் ஏதோ மனத்தாங்கல் இருக்க வேண்டும் என்பதும் அவர் மனுவின் சாரம்.

சங்க அலுவலகத்திற்குச் சென்று பதிவேடுகளைப் பார்வையிட்டேன். பிடித்தம் துணைவிதிப்படியே நடந்திருந்தது. அவ்வாறு பிடித்தம் செய்யப்பட்ட வேட்டிகளில் இரண்டு விற்காமல் கிடங்கில் கிடந்தன. அவற்றை விரித்து வெயிலுக்கு எதிரே பிடித்தேன். அறுந்த பாவு இழை முடியப்படாமல் விடப்பட்டதால் நீளவாக்கில் மெல்லிய கோடு ஓடியிருந்தது. ஓரிடத்தில் இரண்டு விரற்கடை, மற்றோரிடத்தில் ஒரு சாண். துணி பார்த்தவர் பொய் சொல்லவில்லை. ஆனால், முப்பது ஆண்டுகள் பிழையின்றி நெய்த கை ஏன் திடீரென்று பிழைபட வேண்டும் என்று கேட்டு, நிர்வாகக் குழுவினருள் ஒருவரேனும் அந்தத் தறியைச் சென்று பார்த்ததில்லை. அலுவலகத்திற்கும் தறிக்கும் இடையே இரண்டு தெருக்கள்தாம். இதைக் குறித்து என் அறிக்கையில் எழுதியதைவிட மிகுதியாக இங்கே எழுத விரும்பவில்லை.

“கண் மங்கியிருக்கும்” என்றார் செயலாளர். நானும் அவ்வாறே நினைத்தேன். ஆனால், அம்மையார் கண்புரைக்கு அறுவை செய்துகொண்டு ஓராண்டு ஆகியிருந்தது. மருத்துவமனைச் சீட்டை எடுத்துக் காட்டினார். வாசலில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தும் காட்டினார். பார்வையில் குறை இல்லை.

தறி இருந்த அறைக்குள் காலை வைத்ததும் எனக்கே கண்ணைக் கட்டிவிட்டாற்போல் ஆயிற்று. வெளியூரில் பணியாற்றும் மகன், தாய்க்கு நல்லது செய்ய வேண்டும் என்னும் அன்பினால் பணம் அனுப்பி, அவ்வாண்டு வீட்டைப் புதுப்பித்திருந்தார். நான்கு சுவர்களுக்கும் அரக்குச் சிவப்பு. மேற்கூரையின் உட்புறத்திற்கும் அதே நிறம். தரையிலோ முகம் பார்க்கலாம் போன்ற வெள்ளை டைல்ஸ். முன்னர் அங்கே சாணம் மெழுகிய மண்தரை இருந்ததாம். இருண்ட சுவர்களுக்கு நடுவே, பளபளக்கும் வெள்ளைத் தரைக்கு மேல், வெள்ளைப் பாவு நீண்டு கிடந்தது. வெண்மை இருக்க வேண்டிய இடத்தில் இருளும், இருள் இருக்க வேண்டிய இடத்தில் வெண்மையும் மாறி உட்கார்ந்திருந்தன.

ஒரு சிறு கணக்கு

அங்கத்தினர்கள் பொறுமையுடன் ஒரு கணக்கைப் பார்த்தல் வேண்டும். புதிதாகச் சுண்ணாம்படித்த சுவர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கைத் திருப்பி அனுப்புகின்றது. பூசாத சிமெண்டுச் சுவர் 25 அல்லது 30 பங்கை அனுப்பும். அரக்குச் சிவப்புச் சுவர் 15 பங்கை அனுப்பினாலே மிகுதி. எஞ்சியதைச் சுவரே விழுங்கிவிடும். இத்துடன் கணக்கு முடியவில்லை. சன்னல் வழியே வந்த ஒளி ஒரு சுவரில் பட்டு எதிர்ச்சுவருக்கும், அங்கிருந்து கூரைக்கும், கூரையிலிருந்து தறிக்கும் தாவுகின்றது. வெள்ளை அறையில் 100 என்பது முதல் தாவலில் 80, இரண்டாவதில் 64, மூன்றாவதில் 51 என மெல்ல மெல்லவே குறைகின்றது. அரக்கு அறையில் முதல் தாவலில் 15, இரண்டாவதில் இரண்டேகால், மூன்றாவது தாவலுக்கு ஒன்றுமே மிஞ்சுவதில்லை. சன்னல் ஒன்றுதான், வருகின்ற வெயிலும் ஒன்றுதான். ஓர் அறை அதைப் பலமுறை செலவழிக்கிறது. மற்றோர் அறை முதல் முறையிலேயே தீர்த்துவிடுகிறது.

“விளக்குப் போட்டிருக்கிறேனே” என்றார் அம்மையார். தறிக்கு நேர் மேலே எல்.இ.டி. விளக்கு ஒன்று நன்றாகவே எரிந்தது. ஆனால், ஒரே இடத்திலிருந்து வரும் ஒளி நிழலையும் கூடவே கொண்டுவருகின்றது. அவர் குனிந்தால் அவர் தலையின் நிழலே பாவின்மேல் விழுந்தது. வெள்ளைச் சுவர்கள் இருந்தால் நாற்புறத்திலிருந்தும் ஒளி வந்து அந்த நிழலைக் கரைத்திருக்கும்.

இனித் தரையைப் பற்றி. நூலாலைகளில் நூலின் ஏற்றத்தாழ்வை எவ்வாறு சோதிக்கிறார்கள் என்பதைப் பார்த்தவர்கள் நம்மில் இருக்கலாம். கறுப்புப் பலகை ஒன்றின்மேல் நூலை நெருக்கமாகச் சுற்றி, மாதிரிப் படத்தோடு ஒப்பிடுவார்கள். வெள்ளை நூலின் பருமனும் மெலிவும் கறுப்பின்மேல்தான் தெளிவாகத் தெரியும். நம் முன்னோரின் சாண மெழுக்குத் தரை அந்தக் கறுப்புப் பலகையின் வேலையை யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தது. அறுந்த இழை கரிய தரைக்கு மேல் தனியே தெரியும். கை தானாகவே அங்கே போகும். வெள்ளை டைல்ஸுக்கு மேல் அறுந்த வெள்ளை இழை எவர் கண்ணுக்குத் தெரியும்?

உடனே இரண்டு யோசனைகள் கூறினேன். ஒன்று, பாவின் அடியில் கறுத்த விரிப்பு ஒன்றைப் போடுவது. இரண்டு, சுவருக்கும் கூரைக்கும் சுண்ணாம்படிப்பது. முதல் யோசனையை அம்மையார் அந்தக் கணமே ஏற்றுக்கொண்டார். பரணிலிருந்து பழைய கருநீல ஜமக்காளம் ஒன்று இறங்கியது. அதை விரித்தவுடன் பாவைப் பார்த்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு குனிந்து, அங்கேயே அறுந்து கிடந்த இரண்டு இழைகளை முடிந்தார்.

இரண்டாவது யோசனைக்கு அவர் இணங்கவில்லை.

“வேண்டாம் தம்பி. இவர் அப்பா போன பிறகு உடம்பிலே வெள்ளை கட்டச் சொன்னார்கள். மூன்று வருஷம் கட்டினேன். பகலெல்லாம் நெய்வதும் வெள்ளை. கண்ணை நிமிர்த்தினால் சுவரிலுமா அது தெரிய வேண்டும்? இந்தச் சிவப்பு நான் கேட்டு அடித்தது.”

மகனின் தேர்வு என்று நான் எண்ணியிருந்தது தவறு. மேற்கொண்டு ஒன்றும் கூறத் தோன்றாமல் திரும்பிவிட்டேன்.

வெண்மையின் பொருள்

அவர் கூறியதை வெறும் மனவருத்தம் என்று ஒதுக்க இயலவில்லை. வெண்மைக்கு நம்மிடையே ஒரே பொருள் இருந்திருந்தால் ஒதுக்கியிருக்கலாம். வைகறையில் வாசலில் இடும் கோலம் வெள்ளை. கலைமகளின் ஆடையும் தாமரையும் வெள்ளை. கிறிஸ்தவ மணமகள் உடுத்துவது வெள்ளை. மக்கா செல்லும் முஸ்லிம் ஆடவர் உடுத்தும் தைக்காத துணியும் வெள்ளை. சூது அறியாதவனை வெள்ளைமனத்தவன் என்கிறோம். அதே வெள்ளைச் சேலையைக் கைம்பெண்ணுக்குக் கொடுத்து, “இனி உனக்கு நிறம் இல்லை” என்றும் கூறியிருக்கிறோம். ஒரு நிறத்திற்கு மங்கலமும் அமங்கலமும் இயற்கையாக அமைவதில்லை. யார் யார்க்கு அதைக் கொடுக்கிறார்கள், ஏற்பவர்க்கு அதை மறுக்கும் உரிமை உண்டா என்பதில் அமைகின்றது.

வடலூரில் இராமலிங்க அடிகள் 1872-ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று தொடங்கிய சத்திய ஞான சபையை அங்கத்தினர்கள் பலர் கண்டிருப்பார்கள். அடிகள் வாழ்நாளெல்லாம் வெள்ளாடையே உடுத்தியவர். ஆயினும் அவர் அமைத்த சபையின் உள்ளே ஏழு திரைகள்: கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, இறுதியில் பல நிறமும் கலந்த திரை. வெள்ளைக்கு ஆறாம் இடந்தான். அதையும் விலக்கி, கலப்புத் திரையையும் விலக்கிய பின்பே ஒளி தெரிகின்றது. ஒரு கட்டடத்தின் உட்புறத்தில் நிறங்களை வரிசைப்படுத்திப் பொருள் தந்தவர் ஒருவர் நம் நாட்டிலேயே, அதுவும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார். இதை நாம் உள் அலங்காரக் கலை என்று கருதாமலே வந்திருக்கிறோம்.

மேலை நாட்டார் இதைப் பற்றி என்ன கருதினார்கள் என்று அதன் பிறகு சில நூல்களைத் தேடிப் படித்தேன். 1925-இல் லெ கார்பூசியே என்னும் கட்டடக் கலைஞர் — பிற்காலத்தில் நம் சண்டிகர் நகரத்தை வடிவமைத்தவர் — குடிமக்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டுச் சுவரில் உள்ள திரைகளையும் பூப்போட்ட காகிதங்களையும் களைந்துவிட்டு, வெறும் வெள்ளை பூச வேண்டும் என்று ஒரு சட்டம் போலவே எழுதினார். வெள்ளைச் சுவருக்கு எதிரே அழுக்கும் பொய்யும் ஒளிந்துகொள்ள மாட்டா என்பது அவர் கொள்கை. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே பெருமகனார் 1931-இல் சுவிட்சர்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்றிற்காக 43 நிறங்களில் சுவர்க் காகிதங்களைத் தேர்ந்து கொடுத்தார். அவர் கட்டிய வெள்ளை வீடுகள் சிலவற்றின் உள்ளே நீலமும் சிவப்பும் பச்சையும் உண்டு. பிரசங்கம் ஒன்று, வசிக்கும் அறை மற்றொன்று போலும்!

இலண்டனில் 1927-இல் வேறொரு வெண்மை புகழ்பெற்றது. நாவலாசிரியர் சாமர்செட் மாமின் மனைவியாராகிய சிரி மாம் அம்மையார், சுவர், திரை, நாற்காலி, விரிப்பு அனைத்தும் வெள்ளையாகவே ஒரு கூடத்தை அமைத்தார். செல்வர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் அவ்வாறே செய்யலாயினர். கரிப்புகை சூழ்ந்த இலண்டனில் வெள்ளை நாற்காலி ஒன்றை வெள்ளையாகவே வைத்திருப்பதற்கு எத்தனை பணியாளர் வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த வெண்மை எதைக் காட்டியது என்பது விளங்கும். இன்று விளம்பரங்களில் வரும் முற்றும் வெள்ளையான வீடுகளையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். அங்கே யாரோ ஒருவர் ஓயாமல் துடைத்துக்கொண்டிருக்கிறார். படத்தில் அவர் தெரிவதில்லை.

இவற்றைவிட எனக்குப் பயன்பட்டவை வேறு இரண்டு செய்திகள். 1914-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஹாரி ஷெர்மன் என்னும் அறுவை மருத்துவர், அறுவைக்கூடத்தின் வெள்ளைச் சுவரும் வெள்ளைத் துணியும் கண்ணைக் கூசச் செய்கின்றன என்று கண்டு, அறையைப் பச்சையாக மாற்றினார். காயத்தின் செந்நிறத்தையே நெடுநேரம் உற்றுப் பார்த்த கண், நிமிர்ந்து வெள்ளையைப் பார்த்தால் மீண்டும் குனியும்போது நுட்பத்தை இழக்கின்றது. பச்சையைப் பார்த்தால் தேறுகின்றது. இன்றும் அறுவைக்கூடத்தில் பச்சையும் நீலமும் உடுத்துவதன் காரணம் இதுவே. மற்றொன்று பின்லாந்தில் 1933-இல் ஆல்வார் ஆல்டோ கட்டி முடித்த பைமியோ காசநோய் மருத்துவமனை. அங்கே நோயாளர் அறையின் சுவர்களுக்கு வெளிறிய நிறம். மேற்கூரைக்கு அதைவிட ஆழ்ந்த நிறம். பகலெல்லாம் மல்லாந்து படுத்திருப்பவன் கண்ணுக்கு எதிரே இருப்பது கூரைதானே?

இவற்றைப் படித்தபோது, “கண்ணை நிமிர்த்தினால் சுவரிலுமா?” என்று அம்மையார் கேட்டது நினைவுக்கு வந்தது. அதை நான் துயரம் என்று எடுத்துக்கொண்டேன். துயரமும்தான். ஆனால், ஷெர்மன் கூறிய காரணமும் அதனுள் இருந்தது. நாள் முழுதும் வெள்ளை நூலைப் பார்ப்பவர்க்கு நிமிரும் திசையில் வேறு நிறம் ஒன்று வேண்டும். அவர் பிழை செய்யவில்லை. நான்கு சுவர்களுக்கும் கூரைக்கும் அதே நிறத்தைக் கொடுத்தது ஒன்றே மிகை.

மீண்டும் சென்று இதைச் சொன்னேன். தறிக்குழியில் அவர் கிழக்கு நோக்கி அமர்பவர். ஆகவே கிழக்குச் சுவர் சிவப்பாகவே இருக்கட்டும். கூரைக்கும், சன்னல் உள்ள வடசுவருக்கும், தென்சுவருக்கும், முதுகுப்புறச் சுவருக்கும் மட்டும் சுண்ணாம்பு. அவர் நெடுநேரம் சன்னலைப் பார்த்தார். “கூரைக்கும் சன்னல் சுவருக்கும் அடிக்கலாம். மற்றதைப் பிறகு பார்க்கலாம்” என்றார்.

சுண்ணாம்பு உதிர்ந்தது

பக்கத்து வீட்டு இளைஞர் இருவர் ஒரு ஞாயிறன்று வெள்ளையடித்தனர். பத்தாம் நாள் எனக்கு ஆள் வந்தது. போய்ப் பார்த்தால், கூரையிலிருந்து சுண்ணாம்பு ஏடு ஏடாக உரிந்து பாவின்மேல் உதிர்ந்திருந்தது. “உங்கள் வெள்ளை நிற்கவில்லையே தம்பி” என்று அம்மையார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு முழப் பாவு பாழாகியிருந்தது.

பிழை என்னுடையது. சுண்ணாம்பு என்பது மேலே ஒட்டிக்கொள்ளும் பூச்சு அன்று. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகின்றது. எஞ்சியதை நீரிலிட்டால் கொதித்து நீறுகின்றது. அந்த நீற்றைச் சுவரில் பூசினால், சுவரின் நுண்துளைகளுக்குள் நீரோடு இறங்கி, காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல வாங்கிக்கொண்டு, மீண்டும் கல்லாகவே மாறிவிடுகின்றது. சூளையில் இழந்ததைச் சுவரில் மீட்டுக்கொள்கின்றது. ஆதலின், நீரை உறிஞ்சும் மண், செங்கல், காரை, சிமெண்டு ஆகியவற்றின்மேல் அது வேர்கொள்ளும். எமல்ஷன் பூசிய சுவரோ நெகிழிப் படலம் போர்த்தியது. அதனுள் சுண்ணாம்பு இறங்குவதற்கு வழியே இல்லை. இதை அறியாமல் நான் யோசனை கூறிவிட்டேன்.

பழைய பூச்சைச் சுரண்டி எடுப்பது தவிர வேறு வழி இருக்கவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். முற்காலத்து எண்ணெய்ப் பூச்சுகளில் ஈயம் கலந்திருந்தது. ஈய வெள்ளையை வீட்டினுள் பூசக்கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921-லேயே உடன்படிக்கை செய்தது. நம் நாட்டில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தல் ஆகாது என்ற விதி 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சைச் சுரண்டுவோர் உலரத் தேய்த்துத் தூசி எழுப்பக்கூடாது; நீர் தெளித்து நனைத்துச் சுரண்டி, தூளைக் குழந்தைகள் எட்டாதபடி அப்புறப்படுத்த வேண்டும். ஈயத்தூசி சிறுவர்களின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது.

சுரண்டும் வேலை மூன்று நாள் நடந்தது. அந்த மூன்று நாட்களும் தறி ஓடவில்லை. அந்த நாட்களுக்குரிய கூலியை யார் தருவது என்று அம்மையார் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் விடை இல்லை.

இம்முறை முறைப்படி செய்தோம். ஒரு கிலோ நீற்றிய சுண்ணாம்பிற்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீர். கலக்கி ஒரு பகலும் ஓர் இரவும் ஊற வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, வெந்நீரில் கரைத்த கோந்து சிறிது சேர்த்தோம். மஞ்சள் சாயல் நீங்கத் தூள் நீலம் சேர்ப்பது வழக்கம். கிலோவுக்கு 3 கிராமுக்கு மேல் போனால் வெள்ளை போய் நீலமாகிவிடும். சுவரை முதலில் நீர் தெளித்து நனைத்தல் வேண்டும். முதல் கை அடித்தவுடன் அடியிலுள்ளது அப்படியே தெரியும். புதியவர்கள் “இது போதாது” என்று எண்ணிக் குழம்பாகக் கரைத்து அடிக்கிறார்கள். அவ்வாறு செய்வதும் உதிர்வதற்கு ஒரு காரணம். ஈரச் சுண்ணாம்பு கண்ணாடி போன்றது. காயக் காயத்தான் வெளுக்கும். மெல்லியதாக மூன்று கை, ஒவ்வொன்றும் காய்ந்த பின். கண்ணைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். நீற்றும்போது குழந்தைகள் அருகில் இருத்தல் ஆகாது. தெறித்துவிட்டால் தேய்க்காமல், நிறைய நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கடை வெள்ளையும் நம் மணலும்

கடையில் விற்கும் வெள்ளைப் பூச்சு தாழ்ந்தது என்று நான் கூற வரவில்லை. அதன் வெண்மைக்குக் காரணம் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் பொருள். ஒரே பூச்சில் அடியிலுள்ளதை மறைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு, சுண்ணாம்புக்கு இல்லை. இந்த வெள்ளைக்கு மூலப்பொருளான இல்மனைட்டு, கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கரிய மணலாகக் கிடக்கின்றது. 1909-இல் ஜெர்மானியர் ஒருவர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டுதான் இக்கரையின் அரிய மணல்களைத் தேடி வந்தார். நம் கயிற்றுத் தொழிலாளர் தேங்காய் நாரோடு தெரியாமல் கட்டி அனுப்பிய செல்வம் அது. 1946-இல் திருவனந்தபுரத்தில் டைட்டானியம் தொழிற்சாலை நிறுவப்பட்டது. கறுப்பு மணலிலிருந்து மிக வெண்மையான பூச்சு பிறப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

உலர்ந்த சிமெண்டுச் சுவர் உடையவர்கள், ஆண்டுதோறும் வெள்ளையடிக்க இயலாதவர்கள் அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் பழைய மண்சுவர், சுண்ணாம்புக் காரைச் சுவர் ஆகியவை ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும் இயல்புடையவை. அவற்றின்மேல் எமல்ஷன் போர்த்தினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, பூச்சு கொப்புளித்து, சுவரோரம் பூஞ்சை படர்கின்றது. நூல் கட்டு வைத்திருக்கும் வீட்டில் பூஞ்சை என்பது வெறும் அழகுக் கேடு அன்று. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் முளைப்பதில்லை. சுவரும் மூச்சு விடும். செட்டிநாட்டு மாளிகைகளில் சுண்ணாம்போடு கடுக்காய், வெல்லம், முட்டை வெண்கரு முதலியவை சேர்த்து இழைத்த சுவர்கள் இன்றும் பளிங்குபோல் விளங்குகின்றன. அது செல்வர்களின் சுண்ணாம்பு. அதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

விவசாய அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. புது நெல் வருமுன் கிடங்கின் சுவர் வெடிப்புகளைக் காரையிட்டு அடைத்து வெள்ளையடிக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டாம். சுண்ணாம்பு வண்டைக் கொல்லும் என்பதற்காக அன்று. வண்டு ஒளியும் இடம் குறைகின்றது, வெள்ளைச் சுவரில் ஊர்வது முதல் நாளே கண்ணில் படுகின்றது. மாட்டுத் தொழுவத்திற்கும், பட்டுப்புழு வளர்க்கும் மனைக்கும் இது பொருந்தும். விறகடுப்பு உள்ள சமையற்கட்டில் மட்டும் வெள்ளையை எதிர்பார்ப்பது வீண் வேலை. அங்கே முதலில் புகைபோக்கி வேண்டும்.

அம்மையாரின் வேட்டிகளில் அடுத்த மூன்று மாதங்களில் ஒன்றே ஒன்றில்தான் குறை கண்டார்கள்; அதுவும் ஓரத்தில். அதில் எத்தனை பங்கு சுண்ணாம்புக்கு உரியது, எத்தனை பங்கு ஜமக்காளத்திற்கு உரியது என்று என்னால் பிரித்துக் கூற இயலாது. ஏழு மாதம் பிடித்த கூலி திரும்ப வரவில்லை. துணைவிதி அதற்கு இடம் தரவில்லை. இனிக் குறை தொடர்ந்து கண்டால், மூன்றாவது பிடித்தத்திற்கு முன் நிர்வாகக் குழுவினர் ஒருவர் தறியைப் பார்வையிட வேண்டும் என்று மட்டும் தீர்மானம் நிறைவேறியது.

பொங்கலுக்கு அங்கத்தினர் வீடுகளுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை மொத்தமாக வாங்கித் தரவும் அச்சங்கம் முடிவு செய்தது. சென்ற முறை தணிக்கைக்குப் போனபோது தேவைப் பட்டியலைப் பார்த்தேன். அம்மையாரின் பெயருக்கு எதிரே ஆறு கிலோ சுண்ணாம்பு என்று எழுதியிருந்தது. தென்சுவருக்கும் முதுகுப்புறச் சுவருக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். அதன் கீழே, நீலம் வேண்டாம், மஞ்சட்காவி கால் கிலோ என்று செயலாளர் தம் கையால் குறித்திருந்தார்.